வெள்ளிமலை பஸ் கண்டக்டரின் முதுகு

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கு மேலே பஸ் மலையேறத் தொடங்கும் இடத்தில் என் இடது கால் காணாமல் போனது. வலித்தது என்று சொன்னால் சரியாக இருக்காது. முதுகிலும் காலிலும் வலி பல மாதமாகவே இருந்தது. அன்று நடந்தது வேறு. டிக்கெட் கிழித்துக்கொண்டு நின்றவன், வளைவில் பஸ் திரும்பியபோது வழக்கம்போல இடது காலில் எடையைப் போட்டேன். அங்கே கால் இல்லை. புளி மூட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் மடியில் போய் விழுந்தேன். பையிலிருந்த சில்லறை பஸ் முழுக்க உருண்டது.

"இன்னா கண்டக்டரே, காலைலயே ஏத்திக்கினியா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்து பார்த்தால் கால் இருந்தது, செருப்புதான் இல்லை. அது எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கள்ளக்குறிச்சி டிப்போவில் கண்டக்டர். பெரும்பாலும் வெள்ளிமலைத் தடம்தான் ஓடுவேன். வீடு நைனார்பாளையத்தில். மனைவி செல்வி நடவுக்கும் களையெடுக்கவும் போவாள். மூன்று பிள்ளைகள். அந்த வருஷங்களில் எங்கள் பக்கமெல்லாம் இட ஒதுக்கீடு கேட்டுக் கூட்டம், ஊர்வலம், சுவரெழுத்து. செல்வியின் தம்பி முருகேசன் அதில் முன்னால் நின்றான். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதைத்தான் பேசுவான். "உன் புள்ளைங்களுக்காவத்தான் மாமா" என்பான். அவன் சொல்வது எனக்கு நியாயமாகவே படும். மறுநாள் யாராவது பஸ்மேல் கல்லெறிந்தால், கண்ணாடித் துண்டைப் பெருக்கித் தள்ளுவதும் நான்தான். எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குப் புரிந்ததில்லை. சரி, அதை ஓரமாக வைத்துவிட்டு முதுகைக் கவனிப்போம் என்று போனால், அங்கேயும் அதே கதிதான்.

கள்ளக்குறிச்சியில் பார்த்த முதல் டாக்டர் சிறுநீரகத்தில் கல் என்றார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். மலைத் தடத்தில் ஓடுகிறவன் அப்படித் தண்ணீர் குடித்தால் என்ன பாடு என்று கண்டக்டர்களுக்குத்தான் தெரியும். சங்கராபுரத்தில் ஒருவர் வாயு என்று எண்ணெய் கொடுத்தார். எக்ஸ்ரே பார்த்த இன்னொருவர் எலும்புத் தேய்மானம் என்றார். நான்காவதாகப் பார்த்தவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "டிபியா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்" என்றார். முதுகெலும்பில் டிபி வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் ஒவ்வொருவரையும் நம்பினேன். ஒவ்வொருவர் சொன்னதும் ஒரு வாரத்துக்குப் பொருந்திவரும். அப்புறம் பொருந்தாது.

கால் காணாமல் போன பிறகு, செல்வி ஒரு முடிவோடு என்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனாள். தர்ம ஆஸ்பத்திரி ஒன்று அங்கே இருந்தது. பெரிய டாக்டர் கால் கட்டைவிரலை மட்டும் தூக்கச் சொன்னார். வலது விரல் எழும்பியது. இடது விரல் சும்மா கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருடைய விரலோ போல இருந்தது.

மைலோகிராம் என்று ஒரு பரிசோதனை செய்தார்கள். முதுகுத்தண்டுக்குள் ஊசி போட்டு ஒரு மருந்தை ஏற்றி, படுத்திருக்கும் மேஜையையே சாய்த்துச் சாய்த்து எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து எந்த இடத்தில் ஓடாமல் நிற்கிறதோ அங்கே அடைப்பு என்று அர்த்தம். எடுத்த பிறகு வந்த தலைவலியில் முதுகுவலியே மறந்துபோனது. மறுநாள் டாக்டர் விளக்கினார்.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல ஒரு மெத்தை இருக்குப்பா. டிஸ்க்குன்னு பேரு. உன்னுது ஒண்ணு பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை நசுக்குது. ஆபரேஷன் பண்ணி அதை எடுத்துடலாம்."

"எடுத்துட்டா நல்லா ஆயிடுமாங்க?"

"கால் வலி பெரும்பாலும் போயிடும். முதுகு வலி எப்படின்னு சொல்ல முடியாது."

"விரலு?"

"அதையும் சொல்ல முடியாது."

இவ்வளவு படித்தவர் இவ்வளவு நிதானமாகத் தெரியாது என்கிறாரே என்று எனக்கு ஒரே குழப்பம். தெரியும் என்று சொன்ன நாலு பேரையும்விட இவர்மேல்தான் மரியாதை வந்தது. பயமும் இவரிடம்தான் வந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். செல்வி பிள்ளைகளை அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது என் தலையணைக்குக் கீழே கைவிட்டு, எள்ளுருண்டைப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். "நர்ஸு பாத்தா திட்டும். பாத்து துன்னுங்க" என்றாள்.

அவள் போன பிறகு ரோடு மூடிக்கொண்டது.

போராட்டக்காரர்கள் சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். விழுப்புரம் பக்கம் எங்குமே பஸ் ஓடவில்லை. துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்தி வந்தது. எந்த ஊர், யார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு ஆபரேஷன் செய்யவேண்டிய பெரிய டாக்டர் வெளியூர் போனவர் வழியில் மாட்டிக்கொண்டார். மயக்க மருந்து கொடுப்பவரும் வரவில்லை. நர்சுகளில் பாதிப் பேர் இல்லை. குறித்த நாள் வந்தது, போனது. யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பட்டினி போட்டவர்கள், மதியம் கஞ்சி கொடுத்தார்கள். அதிலிருந்து நானே புரிந்துகொண்டேன்.

செல்வி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. வழியில் மாட்டிக்கொண்டாளா, ஊரிலேயே இருக்கிறாளா? மரம் வெட்டிப் போட்டவர்களில் முருகேசனும் இருப்பான். அக்காவை வரவிடாமல் தம்பியே ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்தால் கோபம் வரும். அவன்மேல் குண்டு பட்டிருந்தால் என்று நினைத்ததும் கோபம் போய்விடும். இரண்டும் மாறி மாறி வந்தன.

பக்கத்துக் கட்டிலில் ஆரோக்கியசாமி. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயி. மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பில் அடி. அவர் மகனும் ரோட்டில்தான் நின்றான். நாங்கள் இரண்டு பேரும் யாராவது செய்தித்தாள் கொண்டுவந்தால் முதலில் செத்தவர்கள் பெயர்களைத்தான் தேடுவோம். இல்லை என்று தெரிந்ததும் அவர் தனக்கு வந்த பன்னில் பாதியை எனக்குக் கொடுப்பார். நான் எள்ளுருண்டை கொடுப்பேன்.

அந்த நாட்களில்தான் ரெஜினா அம்மா வார்டுக்கு வந்தார். உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பாண்டிச்சேரிக்காரர். கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய்ப் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் அவரால் வர முடிந்தது.

"ஆபரேஷன் எப்ப நடக்கும்னு யாருக்கும் தெரியல. அதுவரைக்கும் சும்மா படுத்துக் கெடக்காதீங்க. கீழ எறங்கிப் படுங்க" என்றார்.

"தரையிலயாங்க?"

"பாய் போட்டுத்தான்."

மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். மூச்சை விலா எலும்புக்குள் இழுக்கச் சொன்னார். விடும்போது தொப்புளை முதுகுப் பக்கமாக லேசாகக் கொண்டுபோகச் சொன்னார். நான் வயிற்றை எக்கினேன்.

"எக்காதீங்க."

"நீங்கதான உள்ள கொண்டுபோவச் சொன்னீங்க?"

"கொண்டுபோறது வேற, எக்கறது வேற."

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவர் என் இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக இரண்டு விரலை வைத்து, இருமச் சொன்னார். ஏதோ ஒன்று விரலுக்குக் கீழே இறுகியது. "அதுதான். உங்க உடம்புக்குள்ளயே ஒரு பெல்ட் இருக்கு. அது தூங்கிக்கிட்டு இருக்கு. அதை எழுப்பணும். முதுகை எழுப்ப வேணாம்" என்றார்.

இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். "பிலாட்டீஸ்" என்றார்.

கட்டிலில் இருந்த ஆரோக்கியசாமி தலையைத் தூக்கினார். "யாரு, ஏசுவை சிலுவைல அறையச் சொன்ன பிலாத்துவா?"

ரெஜினா அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இது வேறு ஆள், ஜெர்மன்காரர், அவர் பேரையே இந்தப் பயிற்சிக்கு வைத்துவிட்டார்கள் என்று விளக்கினார். காலில் அடிபட்ட நடனக்காரர்களோடு சேர்ந்து அதைத் தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். ஆரோக்கியசாமிக்குத் திருப்தி இல்லை. கடைசிவரை அதை அவர் பிலாத்து என்றே சொன்னார். எனக்கும் அதுவே வாயில் நின்றது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது என்றால், வலி கூடியதுதான். பாதம்வரை ஓடிய வலி தொடைக்கு ஏறியது. மோசமாகிவிட்டது என்று பயந்து சொன்னேன். "பாதத்துல இருந்தது இடுப்புப் பக்கம் ஏறினா நல்லது. இடுப்புலேருந்து பாதத்துக்கு எறங்கினாத்தான் பயப்படணும்" என்றார். வலி அதிகமானது நல்ல செய்தி என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

வார்டில் முதுகுக்காரர்கள் நிறையப் பேர் இருந்தோம். அம்மா ஒருவரே. ஒருநாள் என்னைப் பார்த்து, "நீங்க கண்டக்டர்தானே? குரல் இருக்கு. நான் ஒவ்வொருத்தரா கை வைச்சுப் பாக்கறேன், நீங்க சொல்லிக்கிட்டே வாங்க" என்றார்.

"எனக்கே வரலையேங்க."

"வராதவர்தான் நல்லா சொல்லுவார்."

படுத்தபடியே சொன்னேன். பஸ்ஸில் ஊர் பேரைக் கூவுகிற குரலில், மூச்சை இழு, விடு, இடுப்பைக் கொஞ்சம் தூக்கு, நிறுத்து, ஒவ்வொரு எலும்பாக இறக்கு என்று சொன்னேன். எதிரே ஒருவர் அவசரமாக இடுப்பைத் தொப்பென்று போட்டார். "பொறுமையா எறக்குங்க, ஸ்டாப்பிங் வரல" என்றேன். வார்டே சிரித்தது. அவருக்குச் செய்துகாட்ட வேண்டுமே என்று நானே மெதுவாக இறக்கினேன். அப்போதுதான் அந்த உள்பெல்ட் தானாக இறுகியதை உணர்ந்தேன். நான் அதைத் தேடவில்லை. அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எழுந்து உட்கார்ந்தபோது வலி இல்லை. இல்லை என்பதைக் கவனித்ததும் வந்துவிட்டது. உண்மையிலேயே போனதா, நான் மறந்துபோயிருந்தேனா? அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியல. ஆனா நாளைக்கும் நீங்களே சொல்லுங்க" என்றார்.

அப்படி நாள்கள் போயின. செல்வியைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை.

ஒரு மதியம் நான் தரையில் படுத்து, இரண்டு காலையும் மடக்கித் தூக்கியபடி சொல்லிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியசாமி கட்டிலில் படுத்தே கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஓர் அலறல்.

"அய்யய்யோ! கீழ உழுந்துட்டாரே! யாராச்சும் தூக்குங்களேன்!"

செல்வி. தலையெல்லாம் புழுதி. காலில் செருப்பு இல்லை. ஆபரேஷன் முடிந்து, நான் அசையாமல் கட்டிலில் கிடப்பேன் என்று நினைத்துக்கொண்டு வந்தவள். ஓடிவந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். நான் வேண்டாம், வேண்டாம் என்கிறேன். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் காலைத் தூக்கிக்கொண்டு தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னாங்க இது? இவுங்க அல்லாரும் உழுந்துட்டாங்களா?"

அன்று வார்டு சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கு வலி கூடியது என்று பிறகு ரெஜினா அம்மா சொன்னார்.

செல்வி சிரிக்கவில்லை. உட்கார்ந்து அழுதாள். முருகேசனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கையில் சிராய்ப்புதான். அவன்தான் சைக்கிளில் வைத்து வயல்வழியாகவும் ஏரிக்கரை வழியாகவும் உளுந்தூர்பேட்டை வரை கொண்டுவந்து விட்டிருக்கிறான். ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலே சைக்கிளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள் அவனுடைய ஆட்களே. "அவன வழி முச்சூடும் திட்டிக்கினே வந்தேன்" என்றாள். "கடசீல, மாமா பொழச்சிக்குவாரா அக்கான்னு கேட்டு அழுவுறான்." அங்கிருந்து பால் வண்டி, நடை, கரும்பு லாரி.

பெரிய டாக்டர் திரும்பி வந்ததும் என்னைப் பார்த்தார். விரலைத் தூக்கச் சொன்னார். இடது கட்டைவிரல் கொஞ்சம் எழும்பியது. அவர் தன் விரலால் அழுத்தினார், அது எதிர்த்துத் தள்ளியது. மறுபடியும் அழுத்தினார்.

"இப்ப ஆபரேஷன் பண்ணலாம். காத்திருந்தும் பாக்கலாம். ரெண்டுக்கும் காரணம் இருக்கு" என்றார். கால் மடங்கிப்போனாலோ, சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

"முடிவா இன்னா சொல்றாரு?" என்று செல்வி என்னைக் கேட்டாள்.

"நீயே சொல்லுன்றாரு."

"அத்த சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?"

அன்று முழுக்கப் பேசினோம். வந்ததே வந்தோம், அறுத்துவிட்டுப் போகலாம் என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, வேண்டாம் என்பாள். அதற்குள் நான் சரி, செய்துகொள்ளலாம் என்று மாறியிருப்பேன். கடைசியில் ஊருக்குக் கிளம்பினோம். தைரியத்தால் இல்லை. விரல் எழும்பியதே என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனோம்.

ஊருக்குப் போகும் வழியெல்லாம் ரோட்டோரம் வெட்டுப்பட்ட அடிமரங்கள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் எனக்கு உயிர் போனது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் எழவே இல்லை. தனியாகப் படுத்துப் பயிற்சி செய்து பார்த்தேன். வரவில்லை. மூச்சை இழுத்தால் வலி மட்டுமே தெரிந்தது. தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தேன். பாண்டிச்சேரிக்கே திரும்பிவிடலாமா என்றுகூடச் செல்வியிடம் கேட்டேன்.

"அங்க அத்தினி பேருக்குச் சொல்லிக்கினு இருந்தீங்களே, அப்ப மட்டும் எப்படி வந்துது?"

"அங்க ஆளு இருந்தாங்க."

அவள் கதவைச் சாத்தினாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். முதலில் கெக்கெக்கென்று சிரித்தாள். அப்புறம் சொன்னபடி செய்தாள். இடுப்பைத் தூக்கி ஒவ்வொரு எலும்பாக இறக்கச் சொன்னபோது, பாதியில் "அம்மா" என்று நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்ல. அந்த எடத்துல எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும்னா?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து."

சின்னவனுக்கு அப்போது ஆறு வயது. ஆறு வருஷமும் அவள் குனிந்து நாற்று நட்டாள், தண்ணீர்க் குடம் தூக்கினாள், என்னைத் தோளில் சாய்த்துப் பஸ் ஏற்றி இறக்கினாள். சிறுநீரகக் கல், வாயு, தேய்மானம், டிபி என்று வீடே என் முதுகைச் சுற்றிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவள் முதுகும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்து இருமச் சொன்னேன். ரெஜினா அம்மா எனக்குக் காட்டியதுபோலவே அந்த இறுக்கத்தைத் தேடினேன். ரொம்ப நேரம் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது. "அதுதான், அத்தப் புடிச்சிக்கோ" என்றேன். அன்று என் முதுகைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. எழுந்தபோது எழ முடிந்தது.

தினமும் விடிந்ததும் இரண்டு பேரும் பாய் போட்டோம். எத்தனையோ நாள் வலி வந்தது, போனது. டிப்போவில் லேசான வேலை கொடுத்தார்கள். அங்கே டிரைவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு, டயர் ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டு வைத்துச் சொல்லித்தந்தேன். கிண்டல் செய்தார்கள், ஆனால் வந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் மறுபடி வெள்ளிமலைத் தடம் ஏறினேன். வளைவில் இடது காலில் எடையைப் போட்டேன். கால் இருந்தது.

எது குணமாக்கியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு ஒருமுறை பெரிய டாக்டரைப் பார்த்தபோது, பிதுங்கிய மெத்தை சிலருக்குத் தானாகவே சுருங்கிவிடும் என்றார். ரெஜினா அம்மாவைக் கேட்கலாம் என்று தேடினேன். அவர் பிரான்சுக்கே திரும்பிவிட்டார் என்றார்கள்.

வெள்ளிமலையில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்தில் பஸ் நிழலில் சாக்கை விரித்துப் படுத்து நான் பிலாத்து செய்வேன். கடுக்காயும் புளியும் சுமந்து வரும் மலைப் பெண்கள் முதலில் தூர நின்று பார்த்தார்கள். பிறகு பொன்னி என்பவள் வந்து, இதனால் இடுப்பு நோவு போகுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவளும் ஒரு சாக்கை விரித்தாள். அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். நான் சொல்லச் சொல்லச் செய்தார்கள்.

சில வாரம் கழித்து ஒருநாள், டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். நான் எழுந்து சாக்கைச் சுருட்டினேன். பொன்னி எழவில்லை. முழங்காலை மடக்கியபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தாள்.

"நோவு போச்சா?" என்று கேட்டேன்.

"போவல. நீ சொல்லிக்கினு இருக்கிற வரைக்கும் இல்ல. நிறுத்தினா வந்துடுது" என்றாள். "இன்னும் கொஞ்சம் சொல்லேன்."

ஹாரன் மறுபடி அடித்தது. நான் சாக்கை விரித்தேன்.